பரிசு ஒளிக்கா, கருவிக்கா?

ஈப்போ பழைய பட்டணத்துக் கடைத்தெருக்களில் நடந்து பழகிய ஒருவர், தைவான் தேசத்து டைரக்டர் ஆங் லீ 2007ம் ஆண்டில் வெளியிட்ட ‘லஸ்ட், காஷன்’ என்னும் சீனமொழிப் படத்தைப் பார்க்க நேர்ந்தால், கதையை மறந்து திரையின் ஓரங்களை உற்று நோக்குவார். 1938ம் ஆண்டு ஹாங்காங் என்று கதை கூறுமிடத்தில் நம் ஈப்போவும் பினாங்கும் அல்லவா நிற்கின்றன! இன்றைய ஹாங்காங்கில் அன்றைய ஹாங்காங் இல்லாமற் போயிற்று. ஆகையால், ஈயத்தால் செழித்துப் பின்னர் உறங்கிப்போன நம் ஊரின் தெருக்களைத் தேடி வந்தார்கள். அப்படம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் என்னும் முதற்பரிசைப் பெற்றது. அதனை ஒளிப்பதிவு செய்த மெக்சிகோ நாட்டு ரொட்ரிகோ பிரியேத்தோவுக்கு ஒளிப்பதிவுக்கென்றே உள்ள தனிப்பரிசும் கிடைத்தது. இரசாயனம் பூசிய படச்சுருளில், அதாவது பிலிமில், பிடித்த படம் அது.

ஐந்தாண்டுகள் கழித்து அதே ஆங் லீ, புதுச்சேரியில் வளர்ந்த ஒரு பையனின் கதையை ‘லைஃப் ஆஃப் பை’ என்ற பெயரால் எடுத்தார். புதுச்சேரித் தெருக்களிலும், தைவானில் கட்டிய பெரிய நீர்த்தொட்டி ஒன்றிலும் படப்பிடிப்பு நடந்தது. இம்முறை பிலிம் இல்லை. டிஜிட்டல் காமிராவே முழுதும். ஒளிப்பதிவாளர் கிளாடியோ மிரண்டாவுக்கு 2013ம் ஆண்டு ஆஸ்கார் பரிசு வந்தது. டைரக்டர் ஒருவர்தாம், கருவி மாறியது, இரு கருவிக்கும் மேலான பரிசு கிடைத்தது. அவ்வாறிருக்க, பிலிமா டிஜிட்டலா, எது மேல், எதற்குப் பரிசு தரலாம் என்று உலகத்தார் இன்னும் ஏன் வாதாடுகிறார்கள்? அவ்வாதத்தில் நமக்கு, அதாவது தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் மலேசியத் தமிழருக்கு, என்ன சம்பந்தம்? சம்பந்தம் மிகப் பெரிது என்பதே நமது அபிப்பிராயம்.

வாதம் இன்னதென்பதை அறியாத வாசகருக்காகச் சில வரிகள். பிலிமில் வெள்ளியுப்புப் பூச்சின்மேல் ஒளி விழுகிறது; கண்ணுக்குத் தெரியாத அவ்வடுவை ஆய்வகத்தில் இரசாயனத்தில் கழுவிய பின்னரே உருவம் தெரியவரும். டிஜிட்டலில் ஒரு சில்லின்மேல் ஒளி விழுந்து எண்களாக மாறுகிறது. எடுத்த மாத்திரத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிலிமுக்குப் பணம் வேண்டும். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறக்குறையப் பதினொரு நிமிஷமே ஓடும். அதை வாங்கவும், கழுவவும், பிரதியெடுக்கவும் ஒவ்வொரு படியிலும் காசு. டிஜிட்டலில் தவறினால் அழித்துவிட்டு மறுபடியும் எடுக்கலாம்.

டிஜிட்டல் முதலில் ஏளனத்துக்கே ஆளாயிற்று. தமிழில் ‘நாயகன்’ படத்தைப் பிலிமில் தீட்டி 1987ம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்ற பி. ஸி. ஸ்ரீராமே, 2004ம் ஆண்டில் ‘வானம் வசப்படும்’ படத்தை டிஜிட்டலில் எடுத்துப் பார்த்தார். அக்காலத்தில் அதனை விளையாட்டென்று எண்ணியோர் பலர். 2009ம் ஆண்டு ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ படத்துக்காக அந்தோணி டாட் மாண்டல் ஆஸ்கார் ஒளிப்பதிவுப் பரிசு பெற்றபோது அவ்வேளனம் அடங்கியது. நம் ஏ. ஆர். ரஹ்மான் இரு பரிசுகளைத் தூக்கிக் காட்டிய அதே இரவுதான் அதுவும். அப்படத்தின் பெரும்பகுதி டிஜிட்டல். பெரிய பிலிம் காமிராவைக் கொண்டுபோனால் பம்பாய்ச் சேரியின் சந்துகளில் கூட்டம் கூடிவிடும். சிறு காமிராவைக் கையில் பிடித்து, பதிவுக் கருவியை முதுகுப் பையில் சுமந்து எடுத்தார்கள். ஏழைகளின் வீட்டுக்குள் நுழையும் அளவுக்குக் காமிரா சிறுத்த பின்னரே அதற்குக் கௌரவம் வந்தது என்பதை வாசகர் நினைவில் வைக்கவேண்டும்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. பிலிம் என்றாலே கோடக் என்று உலகம் சொன்ன அந்தக் கோடக் கம்பெனி 2012ம் ஆண்டு திவால் மனுக் கொடுத்தது. ஃபுஜி கம்பெனி 2013ம் ஆண்டோடு சினிமாப் பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. ஆஸ்கார் ஒளிப்பதிவுப் பரிசோ 2012 முதல் 2016 வரை ஐந்தாண்டும், 2018 முதல் 2023 வரை ஆறாண்டும் முற்றிலுமாகவோ பெரும்பாலுமாகவோ டிஜிட்டலில் எடுத்த படங்களுக்கே போயிற்று. பிலிம் இறந்தது என்று எல்லாரும் எழுதி முடித்த பின்னர், 2024ம் ஆண்டில் ‘ஓப்பன்ஹைமர்’, 2025ம் ஆண்டில் ‘தி புரூட்டலிஸ்ட்’ என்று இரண்டு பிலிம் படங்கள் அப்பரிசைத் தட்டிச் சென்றன. ஷான் பேக்கர் என்ற அமெரிக்க டைரக்டர் 2015ம் ஆண்டில் ‘டாஞ்சரின்’ படத்தைக் கைப்பேசியில் எடுத்தார். கையில் வசதி வந்ததும் 35 மில்லிமீட்டர் பிலிமுக்குத் திரும்பி ‘அனோரா’ எடுத்து, 2025ம் ஆண்டு ஆஸ்காரில் சிறந்த படம் என்ற பரிசைப் பெற்றார். இல்லாதபோது டிஜிட்டல், இருக்கும்போது பிலிம்! பட்டணத்துப் பெரியவர் சிலர் பருத்தி வேட்டிக்குத் திரும்பியதைப் போன்ற ஒரு நாகரிகம் இது என்று நமக்குத் தோன்றுகிறது. குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டும் கைக்கெட்டுமிடத்தில் வைத்திருப்பவருக்கே இத்தெரிவு உண்டு என்கிறோம்.

‘பிலிமுக்கு உயிர் உண்டு, டிஜிட்டல் செத்த படம்’ என்று தேநீர்க்கடைகளில் வாதிப்போரை நாம் அறிவோம். அவர்கள் கூற்றில் ஒரு பகுதி மெய். சந்தோஷ் சிவன் ‘இருவர்’ படத்தில், மேடையில் நிற்கும் மனிதனையும் அவனெதிரே அலைமோதும் கூட்டத்தையும் ஒரே வீச்சில் சுற்றிவந்து காட்டுகிறாரே, அதற்கு எவ்வளவு ஒத்திகை, எவ்வளவு கட்டுப்பாடு தேவைப்பட்டிருக்கும்! சுருள் ஓடும் ஒவ்வொரு கணமும் காசு என்னும் அச்சம் கலைஞனை விழித்திருக்கச் செய்தது. அதிலும் ஒருவர் மட்டும் வேலை செய்யவில்லை. காமிராக்காரரின் கண்ணும் ஆய்வகத்தாரின் கையும் சேர்ந்தே அப்படம் பிறந்தது. இந்திய அரசின் தேசிய விருதில் ஒரு காலத்தில் ஒளிப்பதிவாளரோடு படச்சுருளைக் கழுவிய ஆய்வகத்துக்கும் பரிசில் பங்கு கொடுத்தார்கள். பெயர் தெரியாத தொழிலாளியின் கைக்கும் கலையில் பங்குண்டு என்று ஒப்புக்கொண்ட அவ்வழக்கம் நமக்கு மிகவும் பிடித்தமானது.

நிற்க. பிலிமைப் புகழ்வோர் அதன் மற்றொரு சரித்திரத்தைச் சொல்வதில்லை. கலர் பிலிமின் இரசாயனக் கலவையை யார் தோலைப் பார்த்து அமைத்தார்கள்? வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் படம் அச்சிட்ட அட்டையை வைத்துக்கொண்டு, அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று ஆய்வகங்கள் பல பத்தாண்டுகள் அளந்து வந்தன. அவ்வட்டைக்கு ‘ஷெர்லி’ என்று பெயர். கறுத்த முகம் அந்தக் கலவையில் விவரமற்ற இருட்டாக விழுந்தது. பல்லும் விழியுமே மிஞ்சின. கறுப்பர் முறையிட்டபோது கேளாத காது, சாக்லேட்டு விற்பவரும் மரச்சாமான் விற்பவரும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் வேறுபாடின்றி விழுகிறதென்று முறையிட்டபோது கேட்டது. அதன் பின்னரே கோடக் கம்பெனி கலவையைத் திருத்தியது. மனிதன் தோலுக்குக் கிடைக்காத நீதி மேஜை நாற்காலிக்குக் கிடைத்தது! நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய கலியாணப் படங்களில் தாத்தாவின் முகம் ஏன் அவ்வளவு இருண்டு கிடக்கிறது என்பதற்கு அவர் தோலை மட்டும் காரணமாகச் சொல்லி இனியும் சிரிக்கவேண்டாம்.

இந்தக் குறையோடு இன்னொன்றும் சேர்ந்தது. பால்மரக் காட்டு வாழ்வின் மெய்யான வேளை, விடியுமுன்னுள்ள வேளை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகையால் இருளிலேயே பிரட்டு, இருளிலேயே நடை, தலைவிளக்கின் சிறு வட்டத்தில் மரப்பட்டையும் உளியும் மங்கும். அவ்வட்டத்துக்கு வெளியே முகம் பாதி தெரியும், பாதி தெரியாது. கிழக்கே ஒரு சாம்பல் கோடு எழும்போதுதான் எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்பதே புலப்படும். பேராக் மாநிலத்தில் இரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தபின்னும் அவ்வேளை மாறவில்லை. பிரட்டுக் களத்தில் பெயர் பதியும் கிராணி வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். குரலைக் கொண்டே ஆளை அறிந்து பதியும் நாட்கள் உண்டு. இவ்வொளியைப் பழைய பிலிம் எளிதில் வாங்காது. விளக்குகள் வேண்டும், விளக்குக்கு மின்சார லோரி வேண்டும், லோரி வந்தால் அந்த இருட்டே இராது. ஆகவே சினிமாவில் நம் தோட்டம் என்றால் உச்சிவெயில் தோட்டமாகவே இருந்தது. ‘தி ரெவனென்ட்’ என்ற படத்தை லூபெஸ்கி பெரும்பாலும் இயற்கை ஒளியிலேயே டிஜிட்டலில் எடுத்து 2016ம் ஆண்டு ஆஸ்கார் பெற்றதைப் பற்றி மேல்நாட்டார் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதில் அந்தியின் கடைசி வெளிச்சத்தில் அலையும் மனிதரைப் பார்த்தபோது நமக்குத் தோன்றியது ஒன்றுதான்: இக்கருவி நம் விடியற்காலைக்கும் போதுமே!

தோட்டத் தமிழர் வாழ்வு தமிழர் கையாலேயே கௌரவமான படமானது டிஜிட்டல் வந்த பின்னரே. தீபக் குமரன் மேனன் 2005ம் ஆண்டில் எடுத்த ‘செம்மண் சாலை’ அவ்வகையில் முதலிடம் பெறத்தக்கது. 1960களில் ஒரு பால்வெட்டுக் குடும்பம்; மேலே படிக்க விரும்பும் ஒரு பெண்; அவ்வளவுதான் கதை. சிறிய டிஜிட்டல் வீடியோ காமிராவில், சொற்பச் செலவில் பிடித்தது. நடிகர் பலர் தொழில்முறை நடிகரல்லர். காமிரா ஓடாமல் ஆடாமல் ஓரிடத்தில் நின்று பார்க்கிறது. அவ்வீட்டாரின் நாள் எவ்வளவு மெதுவாக நகருமோ அவ்வளவு மெதுவாகப் படமும் நகர்கிறது. மதராஸ் படங்களில் பழகிய கண்ணுக்கு முதல் கால்மணி நேரம் பொறுமை சோதிக்கப்படும் என்பதை மறைக்க விரும்பவில்லை. உருவமும் துல்லியமன்று, அக்கால வீடியோவின் விளிம்புகள் கரடுமுரடானவை, வானம் வெளுத்து விவரமின்றிப் போகிறது. ஆயினும் அது நம் வானம். பிரான்சு தேசத்து நாந்த் நகரில் மூன்று கண்டங்களின் திரைப்பட விழாவில் அவ்வாண்டே நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. தமிழே அறியாத ஊரார், வெளுத்த வானத்தையும் மீறி, அச்சிறு வீட்டினுள் இருந்த பெண்ணைக் கண்டுகொண்டார்கள்.

பத்தாண்டுகள் கழிந்தன. 2015ம் ஆண்டு டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வெளிவந்தது. மலாய் மொழியில் ‘ஜாஹாட்’ என்றால் கெட்டவன். தோட்டத்துத் தமிழ் நாவில் அது ஜகாட். 1990களின் தொடக்கம்; தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து பட்டணத்து ஓரத்தில் ஒதுங்கிய குடும்பம்; அறிவும் குறும்பும் நிறைந்த பன்னிரண்டு வயதுப் பையன் அப்போய்; படித்து முன்னேறு என்று அடித்துத் திருத்தும் தகப்பன்; ஒருபுறம் போதையில் அழிந்து மீள முயலும் சிற்றப்பன், மறுபுறம் குண்டர் கூட்டத்தில் சேர்ந்த சிற்றப்பன். ‘செம்மண் சாலை’யின் பெண் தோட்டத்துக்குள் இருந்து வெளியே போக விரும்பினாள், ‘ஜகாட்’டின் பையன் வெளியே தள்ளப்பட்டபின் போக இடமின்றி நிற்கிறான். இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், நம் சமூகம் முப்பதாண்டுகளில் நடந்த தூரத்தை மூன்று மணி நேரத்தில் நடந்துவிடலாம். பெருமுதலாளி எவர் துணையுமின்றி எடுத்த படம் அது. பிலிம் ஒன்றே வழியாக இருந்திருப்பின் அது எடுக்கப்பட்டே இராது என்று துணிந்து கூறுவோம்.

இனிப் பரிசின் கதைக்கு வருவோம். 1980ம் ஆண்டு முதல் நடந்துவரும் மலேசியத் திரைப்பட விழாவின் இருபத்தெட்டாவது விழா 2016ம் ஆண்டில் நடந்தது. அதில் ஒரு விதி: வசனத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு மலாய் மொழி இராத படம் ‘சிறந்த படம்’ என்னும் பரிசுக்குப் போட்டியிடலாகாது, ‘மலாய் மொழியல்லாத சிறந்த படம்’ என்னும் வேறு வரிசையில் நிற்கவேண்டும். ‘ஜகாட்’டும், காற்பந்தாட்ட வீரர்களைப் பற்றிய ‘ஓலா போலா’வும் அவ்வரிசையில் நிறுத்தப்பட்டன. மலேசியர் எடுத்து, மலேசிய மண்ணில் பிடித்து, மலேசிய வாழ்வையே சொல்லும் படங்கள், சொந்த வீட்டிலேயே விருந்தாளிகள் ஆயின.

இதைப் படிக்கும்போது சீர்திருத்த உணர்ச்சியுள்ள எந்தத் தமிழனுக்கும் சேரன்மாதேவிக் குருகுலம் நினைவுக்கு வராமற் போகாது. 1920களில் அங்கே பிராமணப் பிள்ளைகளுக்கு ஒரு பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு பந்தி. தனிப்பந்தியில் போட்டாலும் சோறு சோறுதானே என்று கேட்ட நியாயவாதிகள் அன்றும் இருந்தார்கள். தனி வரிசையில் கொடுத்தாலும் பரிசு பரிசுதானே, அதுவும் உங்களுக்கென்றே ஒதுக்கிய பரிசல்லவா என்று 2016லும் கேட்டார்கள். நம்மவரிலேயே சிலர், கிடைப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூடலாகாதா என்றார்கள். அவர்களைத்தான் நாம் அதிகம் கோபிக்கிறோம்.

இதற்கு எதிராக எழுந்தவர் யார்? முகம்மது நூர் காசிம் என்னும் மலாய் ஒளிப்பதிவாளர். இப்பிரிவினையைக் கண்டித்து அவர் விழாவிலிருந்து விலகினார். நடிகரும் டைரக்டருமான அஃப்லின் ஷாவ்கியும் விலகினார். கண்டனம் வலுத்தது. திரைப்பட வளர்ச்சிக் கழகமாகிய ஃபினாஸ் விதியை மாற்றிற்று. ‘சிறந்த படம்’ எம்மொழிப் படத்துக்கும் திறந்துவிடப்பட்டது. தேசிய மொழிப் படத்துக்கென வேறொரு பரிசு ஏற்பட்டது. அவ்வாறு திறந்த கதவின் வழியே சென்று ‘ஜகாட்’ அவ்வாண்டின் சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசைப் பெற்றது. நம்மில் பலர் அன்று இனத்தின் வெற்றி என்று கைதட்டினோம். கதவைத் தள்ளித் திறந்தவரில் முன்னின்ற ஒருவர் காமிராவின் பின்னால் நின்று ஒளியையே தொழிலாகக் கொண்ட ஒரு மலாய்க் கலைஞர் என்பதை எத்தனை பேர் நினைத்தோம்? எந்த முகத்தின்மேல் எவ்வளவு ஒளி விழவேண்டும் என்று நாள்தோறும் கவலைப்படுகிறவனுக்கு அநீதி முதலில் கண்ணில் பட்டது வியப்பன்று.

பரிசுகளை வகை பிரிப்பதே தவறென்று நாம் வாதிக்கவில்லை. ஆஸ்காரில் 1939 முதல் 1966 வரை ஏறக்குறைய எல்லா ஆண்டும் கறுப்பு வெள்ளைக்கு ஓர் ஒளிப்பதிவுப் பரிசும் கலருக்கு ஒன்றும் இருந்தன. இந்திய தேசிய விருதிலும் அவ்வாறே சில காலம் நடந்தது. கலர் பொதுவாகிவிட்டபோது அப்பிரிவு தேவையற்றுப் போய் ஒழிந்தது. அது கருவியைப் பிரித்தது. கருவி மாறக்கூடியது, இன்று கறுப்பு வெள்ளையில் எடுத்தவன் நாளைக் கலரில் எடுப்பான். தாய்மொழி அப்படி மாற்றிக்கொள்ளும் லென்சா? ‘லைஃப் ஆஃப் பை’ பரிசு பெற்றபோது, புலியும் கடலும் கம்ப்யூட்டரில் வரைந்தவை, இதில் காமிராக்காரருக்கு என்ன பெருமை, இத்தகைய படங்களுக்குத் தனிப்பிரிவு வைக்கலாமே என்று ஒரு வாதம் எழுந்தது. அதைப் பேசித் தீர்க்கலாம். எவருடைய மானமும் அதில் போவதில்லை.

எனினும் கருவிமோகமும் ஒருவகை மூடநம்பிக்கையே. 2021ம் ஆண்டு ஆஸ்கார் ஒளிப்பதிவுப் பரிசு பெற்ற ‘மாங்க்’ படத்தைக் கவனியுங்கள். டிஜிட்டலில் எடுத்து, 1940ம் ஆண்டுப் பிலிமைப்போல் தோன்றவேண்டுமென்று அதன்மேல் கீறலையும் புள்ளியையும் செயற்கையாக ஏற்றினார்கள். புது வீட்டுச் சுவரில் பாசியை வரைந்ததற்கு ஒப்பாகும் இது. சாமர்த்தியம் உண்டு, கண்டது என்ன என்று கேட்டால் பதில் மெலிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்லவேண்டும். பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த ‘கூழாங்கல்’ 2021ம் ஆண்டு ராட்டர்டாம் விழாவில் புலிப்பரிசு பெற்றது. அவ்வாண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கும் அனுப்பப்பட்டது. மதுரைச் சீமையின் வறண்ட பொட்டல். குடித்து வெறிகொண்ட தகப்பனும் சிறு மகனும் வெயிலில் நடக்கிறார்கள். காமிரா அவர்கள் முதுகின் பின்னாலேயே நடக்கிறது. பையன் கையில் ஓர் உடைந்த கண்ணாடித் துண்டு. அதில் சூரியனைப் பிடித்துத் தகப்பன் முதுகின்மேல் பாய்ச்சுகிறான். எதிர்த்துப் பேச வாயில்லாத பிள்ளை ஒளியாலே தகப்பனைச் சுடுகிறான்! லட்சம் விளக்கு வைத்தாலும் வராத ஒளி அது. இதை எடுத்தது என்ன காமிரா என்று கேட்க எவனுக்கும் தோன்றாது. அதன் மறுகோடியில் ரவி வர்மன் ஒளிப்பதிவு செய்த ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகம் நிற்கிறது. 2022ம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்ற அதன் அரண்மனை விளக்கொளிகள் அழகுதான், அவ்விருது தகுதியானதே. ஆனால் நடுவர் எவராயினும், வெளிச்சத்துக்குச் செலவிட்ட காசு கண்ணில் படும் அளவுக்கு, வெயிலில் நின்ற பொறுமை கண்ணில் படுவதில்லை என்பது நெடுநாளைய குறை.

நம்மவர் குறையையும் மறைக்கலாகாது. ‘ஜகாட்’டுக்குப் பின் இந்நாட்டில் வந்த தமிழ்ப்படங்கள் பலவற்றில், மலிவான கருவி மலிவான கண்ணையும் கூட்டி வந்திருக்கிறது. எடுத்ததற்கெல்லாம் வானத்தில் பறக்கும் சிறு யந்திரத்தை ஏவி, எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைக் கழுகுபோல் மேலிருந்து காட்டுகிறார்கள். அது துரையின் பார்வை. மலைமேல் பங்களாவிலிருந்து அவர் பார்த்ததும் அப்படித்தான். லயத்து வாசலில் உட்கார்ந்து பார்க்கும் பார்வை எங்கே? அன்றியும், கதாநாயகி முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுத்துத் தேய்த்து, மாநிறப் பெண்ணைப் பீங்கான் பொம்மையாக்குகிறார்கள். ஷெர்லி அட்டையை வெள்ளைக்காரன் தூக்கி எறிந்தான். அதை நாம் பொறுக்கி வைத்துக்கொண்டோம்! கருத்த தோலின் மேல் விழும் விடியலொளியை வாங்கத் தக்க கருவி முதன்முதலாகக் கைக்கு வந்திருக்க, அதைக்கொண்டு அத்தோலை அழிப்பதைப் போன்ற மடமை வேறுண்டோ? இத்தகைய படங்களுக்கும் நம் சங்கங்கள் கேடயம் வழங்குகின்றன, ‘நம் பையன் எடுத்தது’ என்னும் ஒரே காரணத்துக்காக. எழுபது பங்கு விதியை எதிர்த்தவர்கள் நாம்; இரக்கத்தால் தரும் கேடயமும் தனிப்பந்திச் சோறுதான்.

பிலிமின் பக்கம் இன்னும் ஒரு நியாயம் மிஞ்சியிருக்கிறது. அது அழகைப் பற்றியதன்று, ஆயுளைப் பற்றியது. 1946ம் ஆண்டு ஏற்பட்ட மலாயா பிலிம் யூனிட் எடுத்த படங்களை அரசாங்க வண்டிகள் தோட்டந்தோறும் கொண்டுவந்து திரைகட்டிக் காட்டின. இரப்பரைப் பற்றி வெள்ளைக்கார அரசு எடுத்த அக்காலத்துப் படங்களில் பால்வெட்டுகிறவரின் கை தெரியும், பெயர் தெரியாது. அது அவர்கள் பார்வை. ஆனாலும் அச்சுருள்களில் பல இன்னும் இருக்கின்றன. ஒளியின் எதிரே நீட்டிப் பிடித்தால் வெறுங்கண்ணுக்கே உருவம் தெரியும். குளிரும் வறட்சியுமான அறையில் வைத்தால் பிலிம் நூறாண்டுக்கு மேலும் கிடக்கும். டிஜிட்டல் படம் அப்படியன்று. தட்டு கெடும், பெட்டி பழுதாகும், எழுதிய முறையே சில ஆண்டுகளில் வழக்கொழியும். ஓயாது பிரதிமேல் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆஸ்கார் வழங்கும் அகாடமியே 2007ம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது: ஒரு படத்தின் மூலத்தைப் பிலிமாகப் பாதுகாக்க ஆண்டுக்கு 1,059 டாலர், டிஜிட்டலாகப் பாதுகாக்க 12,514 டாலர். அதன்பின் விலைகள் மாறியிருக்கலாம். ஓயாத அந்த வேலை மாறவில்லை.

இதன் பொருளென்ன? துரைமார் நம்மைப் பார்த்த பார்வை வெள்ளியில் பதிந்து கிடக்கிறது. நாம் நம்மைப் பார்த்த பார்வையோ ஒரு மேஜை இழுப்பறைக்குள் கிடக்கும் தட்டில் இருக்கிறது. லயங்கள் இடிபட்டன, பால்மரங்கள் வெட்டுண்டன, தோட்டத்துப் பள்ளிகள் பல பெயர் மட்டும் மிஞ்சி வேறிடம் போயின. படமும் போய்விட்டால் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஏதுமிராது.

ஆகையால் ஃபினாஸுக்கும், பரிசு வழங்கும் நம் சங்கங்களுக்கும் ஒரு யோசனை கூறுகிறோம். சிறந்த படம் என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும், எம்மொழியாயினும், கேடயத்தையும் காசோலையையும் சற்றுச் சிறிதாக்கிக்கொண்டு, அப்படத்தைப் பிலிமில் ஏற்றிக் கொடுங்கள். டிஜிட்டலில் எடுத்ததைப் பிலிமுக்கு மாற்றும் வேலை புதிதன்று. 2022ம் ஆண்டு ஒளிப்பதிவுப் பரிசு பெற்ற ‘டூன்’ படத்தையே டிஜிட்டலில் எடுத்துப் பிலிமில் ஏற்றி, மீண்டும் டிஜிட்டலாக்கினார்கள். அவர்கள் நிறத்துக்காகச் செய்ததை நாம் ஆயுளுக்காகச் செய்யலாம். தொண்ணூறு நிமிஷப் படத்துக்கு 35 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 8,100 அடி பிலிம் செல்லும். ஒரு நெகட்டிவ், ஒரு பிரதி, அவற்றை வைக்க அரசாங்க ஆவணக் காப்பகத்தின் குளிரறையில் ஓர் அலமாரி. 2016ம் ஆண்டுப் பரிசைக் கொண்டு ‘ஜகாட்’டிலிருந்து தொடங்கலாம். அடுத்தது ‘செம்மண் சாலை’. வயதில் மூத்தது அது, வெளுத்த வானமும் அதில்தான் இருக்கிறது.